வடதுருவக் கடலில் இந்தியாவுக்கு இடம் வேண்டாமா?

பூமியின் உச்சியில், வடதுருவத்தைச் சுற்றி, 28 லட்சம் சதுர கிலோ மீட்டர் பரப்புள்ள ஒரு கடல் இருக்கிறது. இந்தியாவின் பரப்பைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அது எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. கரையோர நாடுகளின் 200 கடல் மைல் உரிமை எல்லைகளுக்கு அப்பால் நடுவே கிடக்கும் பொதுக்கடல் அது. நெடுங்காலமாகக் கோடையிலும் பனி மூடிக் கிடந்ததால் அங்கே வியாபாரத்துக்காக வலை வீச யாரும் போனதில்லை.

இப்போது பனி விலகி வருகிறது. சில ஆண்டுகளின் கோடையில் அந்தப் பொதுக்கடலில் பத்தில் நான்கு பங்கு வரை திறந்த தண்ணீராகத் தெரிந்திருக்கிறது. 2012 செப்டம்பரில் வடதுருவப் பகுதி முழுவதிலுமாகச் சேர்த்தே சுமார் 34 லட்சம் சதுர கிலோ மீட்டர் பனிதான் மிஞ்சியது. செயற்கைக்கோள் கணக்கு தொடங்கிய நாளிலிருந்து அவ்வளவு குறைந்தது அந்த ஆண்டில்தான்.

பனி போனால் கப்பல் வரும். கப்பல் வந்தால் வலை வரும். இதை முன்கூட்டியே யோசித்து, 2018 அக்டோபர் 3-ந் தேதி கிரீன்லாந்தில் உள்ள இலுலிசாட் என்ற சிறு நகரில் ஒரு ஒப்பந்தம் கையெழுத்தானது. அமெரிக்கா, ரஷியா, கனடா, நார்வே, டென்மார்க், ஐஸ்லாந்து, ஐரோப்பிய யூனியன் ஆகியவற்றுடன் ஆசியாவிலிருந்து ஜப்பான், தென் கொரியா, சீனா ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்து பத்து தரப்பினர். டென்மார்க் கையெழுத்திட்டது கிரீன்லாந்து, பரோ தீவுகள் ஆகியவற்றின் சார்பில். கடைசியாகச் சீனாவும் உறுதி செய்து பத்திரம் கொடுத்த பிறகு, 2021 ஜூன் 25-ல் ஒப்பந்தம் அமுலுக்கு வந்தது.

அதில் இந்தியா இல்லை.

"வடதுருவ மீனுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? அங்கே போய் வலை வீசப் போவது யார்?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். பதில் சொல்லுமுன், அந்தப் பத்துப் பேரும் எதற்காக ஒரு மேஜையில் உட்கார்ந்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பேரிங் கடலில் நடந்தது

அலாஸ்காவுக்கும் சைபீரியாவுக்கும் இடையே இருப்பது பேரிங் கடல். அமெரிக்காவும் ரஷியாவும் தத்தம் 200 மைல் எல்லையைக் கோடு போட்டுக்கொண்ட பிறகு, நடுவில் உளுந்து வடையின் ஓட்டை மாதிரி ஒரு பொதுக்கடல் மிஞ்சியது. அங்கே பொல்லாக் என்ற மீன் கூட்டம் கூட்டமாகக் கிடைத்தது. துண்டு போட்டுப் பொரிக்கவும், அரைத்து விழுதாக்கவும் ஏற்ற மீன். உலகச் சந்தையில் அதற்கு ஏக கிராக்கி.

சொந்தக்காரர் இல்லாத தோப்பு என்றால் என்ன நடக்கும்? ஜப்பான், தென் கொரியா, சீனா, போலந்து ஆகிய நாடுகளின் பெரிய இழுவைக் கப்பல்கள் வந்து குவிந்தன. 1989-ல் மட்டும் சுமார் 14 லட்சம் டன் பிடித்தார்கள். 1991-ல் அது 3 லட்சம் டன்னுக்கு இறங்கியது. 1992-ல் கிடைத்தது வெறும் 10 ஆயிரம் டன். மூன்றே ஆண்டில் கடல் காலி.

அதற்குப் பிறகுதான் எல்லாரும் விழித்துக்கொண்டார்கள். 1993-ல் மீன்பிடிப்பைத் தாங்களாகவே நிறுத்தினார்கள். 1994-ல் ஆறு நாடுகள் ஒப்பந்தம் போட்டன. மீன் பெருகி ஒரு குறிப்பிட்ட அளவை எட்டினால் மறுபடியும் பிடிக்கலாம் என்பது அதன் சாரம். முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்த அளவு இன்னும் எட்டப்படவில்லை. வடையின் ஓட்டையில் வலை வீச இன்று வரை அனுமதி கிடையாது.

வடதுருவப் பொதுக்கடலின் ஒரு பக்கம் இதே பேரிங் கடலை அடுத்த பகுதியிலிருந்துதான் திறந்துகொண்டு வருகிறது. ஆசியக் கப்பல்கள் போக அதுவே குறுக்கு வழி. ஆகவே, 2012-ல் உலகெங்குமிருந்து இரண்டாயிரம் விஞ்ஞானிகள், "முதலில் ஆராய்ச்சி, பிறகு மீன்பிடிப்பு" என்று பகிரங்கக் கடிதம் எழுதினார்கள்.

ரயில்வேயில் "லைன் கிளியர்" என்று ஒன்று உண்டு. அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் பாதை காலி என்று சொல்லும் வரை இந்த ஸ்டேஷனிலிருந்து வண்டி நகரக் கூடாது. வண்டி கிளம்பிய பிறகு பாதையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று எந்த ஸ்டேஷன் மாஸ்டரும் சொல்லமாட்டார். கடல் விஷயத்தில் மட்டும் உலகம் எப்போதும் வண்டியை விட்டுவிட்டுத்தான் பாதையைப் பார்த்திருக்கிறது. மீன் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று தெரியுமுன்பே நிறுத்தி வைத்த ஒப்பந்தங்கள் மிகவும் அபூர்வம். இலுலிசாட் ஒப்பந்தம் அந்த அபூர்வங்களில் ஒன்று.

அஞ்சு பேர் போதவில்லை

இந்த விஷயம் ஆரம்பத்தில் ஐந்து நாடுகளின் வீட்டு விவகாரமாகத்தான் இருந்தது. வடதுருவக் கடலைச் சுற்றிக் கரை வைத்திருக்கும் அமெரிக்கா, ரஷியா, கனடா, நார்வே, டென்மார்க் ஆகிய ஐந்தும் 2015 ஜூலையில் ஓஸ்லோவில் கூடி, "எங்கள் கப்பல்கள் அங்கே கட்டுப்பாடில்லாமல் மீன் பிடிக்காது" என்று அறிக்கை விட்டன.

நல்ல காரியம்தான். ஆனால் பொதுக்கடல் எல்லாருக்கும் பொது என்கிறது 1982-ம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்டம். கரையில் வீடு இருப்பதால் நடுக்கடலுக்கு நாட்டாண்மை செய்ய முடியாது. ஐந்து பேர் விலகி நின்று, ஆறாவது ஆள் வந்து அள்ளிக்கொண்டு போனால் அந்த அறிக்கைக்கு என்ன மதிப்பு? வடதுருவ நாடுகள் ஆசிய நாடுகளைத் தேடி வந்தது பாசத்தினால் அல்ல. தூர தேசத்துக்குப் போய் மீன் பிடிக்கும் பெரிய கப்பல்கள் ஜப்பானிடமும் கொரியாவிடமும் சீனாவிடமும் இருந்தன. அவர்களை வெளியே வைத்துப் போடும் பூட்டு பூட்டே ஆகாது.

2015 டிசம்பரில் பேச்சு தொடங்கியது. இரண்டு ஆண்டுகள் நடந்தது. 2017 நவம்பர் கடைசியில் வாஷிங்டனில் முடிந்தது. ஆசிய நாடுகள் சும்மா தலையாட்டிவிட்டு வரவில்லை என்பதற்கு ஒப்பந்தத்தின் வாசகமே சாட்சி. "என்றைக்குமே மீன் பிடிக்காதே" என்று அதில் இல்லை. 16 ஆண்டுக்கு, அதாவது 2037 வரை, முறையான விதிகள் வகுக்கப்படாமல் வியாபார மீன்பிடிப்பு கூடாது. அதற்குள் எல்லாரும் சேர்ந்து ஆராய்ச்சி செய்ய வேண்டும். கிடைக்கும் விவரங்களைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். சோதனைக்காக மீன் பிடிப்பதற்கும் தனி விதி செய்ய வேண்டும். 2037-க்குப் பிறகு யாரும் ஆட்சேபிக்காவிட்டால் ஐந்தைந்து ஆண்டாக நீளும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது முடிவெடுக்கும் முறை. பெரிய விஷயங்களில் பத்துப் பேரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. அமெரிக்காவுக்கு என்ன குரலோ அதே குரல்தான் கொரியாவுக்கும். உறுப்பினர்களின் முதல் கூட்டம் 2022 நவம்பரில் நடந்தது வடதுருவ நாடு எதிலும் அல்ல. தென் கொரியாவின் இன்சியோன் துறைமுக நகரில். பனியையே பூர்வீகமாகக் கொண்ட இனுயிட் மக்களின் பிரதிநிதிகளும் சில நாடுகளின் குழுவில் இருந்து பேசினார்கள் என்பதையும், அவர்களுடைய பாரம்பரிய அறிவைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தமே சொல்கிறது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். நம் நாட்டுக் கடலோர மக்களுக்கு அப்படி ஒரு மரியாதை எத்தனை ஒப்பந்தங்களில் கிடைத்திருக்கிறது என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

பிளாட்பாரம் டிக்கெட்

இந்தியா வடதுருவத்துக்குப் புதிது அல்ல. ஸ்வால்பார்ட் தீவுகள் பற்றிய 1920-ம் ஆண்டு ஒப்பந்தத்திலேயே பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்த இந்தியாவின் பெயர் இருக்கிறது. 2007-ல் முதல் விஞ்ஞானிகள் குழு போயிற்று. 2008-ல் அதே ஸ்வால்பார்டில் நீ-ஆலசுண்ட் என்ற இடத்தில் "ஹிமாத்ரி" ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. 2014 ஜூலையில் அங்குள்ள கோங்ஸ்பியோர்டன் வளைகுடாவில் தண்ணீருக்கடியில் சுமார் 190 மீட்டர் ஆழத்தில் "இண்டார்க்" என்ற கருவித் தொகுதியை நங்கூரமிட்டு நிறுத்தினார்கள். கடல் நீரின் வெப்பம், உப்பு, ஓட்டம் முதலியவற்றை அது அளக்கிறது. அதை உருவாக்கியதில் சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. வேளச்சேரி பக்கம் போகிறவர்கள் அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் போகிறார்கள். வடதுருவத் தண்ணீரின் நாடியைப் பிடித்துப் பார்க்கும் கருவி அங்கே உருவானது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

2013 மே மாதம் ஸ்வீடனின் கிருனா நகரில் கூடிய ஆர்க்டிக் கவுன்சில், இந்தியாவைப் பார்வையாளராகச் சேர்த்துக்கொண்டது. சீனா, ஜப்பான், தென் கொரியா, சிங்கப்பூர், இத்தாலி ஆகியவையும் அன்றைக்கே சேர்ந்தன. பார்வையாளர் என்றால் என்ன? பிளாட்பாரம் டிக்கெட் எடுத்தவர் மாதிரி. ஸ்டேஷனுக்குள் போகலாம், வண்டியைப் பார்க்கலாம், ஜன்னலோரம் நின்று பேசலாம். ஏற முடியாது. ஓட்டுரிமை எட்டு வடதுருவ நாடுகளுக்கு மட்டுமே.

அன்று இந்தியாவுடன் சேர்ந்து பிளாட்பாரம் டிக்கெட் எடுத்த மூன்று ஆசிய நாடுகள், ஐந்தரை ஆண்டுக்குள் மீன் ஒப்பந்தம் என்ற வேறு வண்டியில் இருக்கை பிடித்துவிட்டன. இந்தியா பிளாட்பாரத்திலேயே நிற்கிறது.

பார்வையாளர் பதவியை மட்டும் நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை 2022 காட்டியது. உக்ரைன் யுத்தம் தொடங்கியதும் ரஷியா தவிர்ந்த ஏழு நாடுகள் ஆர்க்டிக் கவுன்சில் கூட்டங்களில் கலந்துகொள்வதை நிறுத்தின. வண்டி நின்றால் பிளாட்பாரத்தில் நிற்பவருக்கு என்ன வேலை? மீன் ஒப்பந்தமோ அந்த யுத்தத்திலும் உடையவில்லை. ரஷியாவும் அமெரிக்காவும் இரண்டுமே அதில் உறுப்பினராகத் தொடர்கின்றன. அந்த ஆண்டு நவம்பரில்தான் இன்சியோன் கூட்டமும் நடந்தது.

ஆட்சேபங்கள்

இந்தியா சேருவதற்கு எதிராகச் சொல்லக்கூடிய காரணங்கள் மூன்று. முதலாவது, "நம்மிடம் அங்கே போகும் கப்பல் இல்லை." உண்மை. ஆனால் 1981-ல் தென்துருவத்துக்கு இந்தியக் குழு புறப்பட்டபோதும் இதே பேச்சுதான் இருந்தது. 1983-ல் அண்டார்டிகா ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்து, அதே ஆண்டு செப்டம்பரில் ஓட்டுரிமையும் பெற்றது. அண்டார்டிகாக் கடலின் மீன்களையும் கிரில் என்ற சிறு உயிரினத்தையும் காக்கும் ஒப்பந்தத்திலும் 1985-ல் சேர்ந்தது. அங்கே என்ன பெரிய மீன்பிடிக் கப்பல் படையா அனுப்பிக்கொண்டிருக்கிறோம்? இல்லை. ஆனாலும் உறுப்பினர். தெற்கில் சரியாக இருந்த நியாயம் வடக்கில் எப்படித் தப்பாகும்?

இரண்டாவது, "மீன் இல்லாத கடலுக்கு எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" 2019 முதல் 2020 வரை போலார்ஸ்டெர்ன் என்ற ஜெர்மன் கப்பல், பனியோடு பனியாக உறைந்து நின்று நடுக்கடலை ஆராய்ந்தது. அங்கே மீன் மிகக் குறைவு என்றும், அட்லாண்டிக் கோட் மீன்கள் ஒன்றிரண்டு அகப்பட்டன என்றும் விஞ்ஞானிகள் எழுதினார்கள். அதனால் இன்றைக்குக் கொள்ளை லாபம் அங்கே இல்லை. அதனால்தான் சண்டையில்லாமல் விதி வகுக்க இது நல்ல சமயம். தோப்பில் தேங்காய் காய்த்துத் தொங்க ஆரம்பித்த பிறகு வேலி எங்கே போடுவது என்று பேசினால் பேச்சு வேறு மாதிரி போகும்.

மூன்றாவது ஆட்சேபம்தான் கனமானது. "பணக்கார நாடுகள் தங்கள் எல்லைக்குள் வேண்டியமட்டும் பிடித்துக்கொண்டு, நடுக்கடலில் மட்டும் மற்றவர்களுக்கு விரதம் சொல்கின்றன." இதைப் பொய் என்று தள்ள முடியாது. பேரிங் கடலின் ஓட்டையில் ஆசியக் கப்பல்கள் நின்றன. ஆனால் அமெரிக்கா தன் எல்லைக்குள் இன்றும் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் பொல்லாக் பிடிக்கிறது. ஆராய்ச்சி செய்து, அளவு நிர்ணயித்துத்தான் பிடிக்கிறது என்று அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. எவ்வாறாயினும், நாளைக்கு வடதுருவ நடுக்கடலில் மீன் பெருகி, யாருக்கு எத்தனை டன் என்று பங்கு பிரிக்கும் நாள் வந்தால், பங்குக்காரர்கள் யார் என்பதை அந்த மேஜையில் இருப்பவர்கள்தான் எழுதுவார்கள். வெளியே நிற்பவர் அநியாயம் என்று கூவலாம். கேட்பதற்கு ஆள் வேண்டுமே! இந்த ஆட்சேபம் விலகி நிற்பதற்கான காரணம் ஆகாது; உள்ளே போவதற்கான காரணமே.

தடைக்காலம் என்பதை மும்பைத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஜூன், ஜூலை மழைக்காலத்தில் சாசூன் டாக்கில் விசைப்படகுகள் கரையேறி நிற்பதையும், மார்க்கெட்டில் மீன் விலை ஏறுவதையும் பார்த்தவர்கள்தான். தமிழ்நாட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அந்த இரண்டு மாதமும் மீனவர் வீட்டில் அடுப்பு எரிவது எவ்வளவு கஷ்டம் என்பதும் தெரிந்ததே. தன் ஏழை மீனவனைக் கரையில் உட்காரச் சொல்லும் ஒரு அரசாங்கம், உலகத்தின் பெரிய கப்பல்களையும் உட்கார வைக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதுதானே முறை? இந்த இழுவை மடியைக் கேரளக் கரைக்குக் கொண்டுவந்ததே வடதுருவ நாடான நார்வேயின் உதவித் திட்டம்தான். 1952-ல் அந்த ஒப்பந்தம் கையெழுத்தாகி, கொல்லம் அருகே நீண்டகரையில் திட்டம் தொடங்கியது. அப்போது இறாலுக்காக எல்லாரும் கை தட்டினார்கள். மீன் குறையும்போது என்ன செய்வது என்று அன்று யாரும் விதி எழுதி வைக்கவில்லை.

மீனோடு நிற்கிற விஷயமும் அல்ல இது. கோவாவில் உள்ள தேசிய துருவ ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள், வடதுருவத்தின் காரா கடல் பகுதியில் பனி குறைவதற்கும் இந்தியாவில் பருவமழையின் கடைசிக் கட்டத்தில் கொட்டும் பேய் மழைக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று 2021-ல் எழுதினார்கள். நிரூபணமான முடிவு என்று அவர்களே சொல்லவில்லை. அதை உறுதி செய்யவும் மறுக்கவும் அங்கிருந்து விவரம் வர வேண்டும். பத்து தரப்பினரும் சேர்ந்து நடத்தும் ஆராய்ச்சியில் கிடைப்பது மீன் கணக்கு மட்டுமா? தண்ணீரின் சூடு, பனியின் கனம், நீரோட்டம் எல்லாம் அதில் அடக்கம். ஆண்டுதோறும் தண்டவாளத்தில் வெள்ளம் ஏறி லோக்கல் வண்டிகள் நிற்கும் ஊரில் இருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

செய்ய வேண்டியது என்ன?

உண்மையான அக்கறை உள்ள மற்ற நாடுகளையும் அழைத்துச் சேர்த்துக்கொள்ள ஒப்பந்தத்திலேயே வழி இருக்கிறது. அந்த அக்கறையைக் காட்ட இந்தியாவிடம் கையில் சரக்கு உண்டு. ஹிமாத்ரி இருக்கிறது, இண்டார்க் இருக்கிறது. 2023 டிசம்பர் முதல் குளிர்காலத்திலும் விஞ்ஞானிகள் அங்கே தங்கத் தொடங்கியிருக்கிறார்கள். 2022 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட ஆர்க்டிக் கொள்கையின் ஆறு தூண்களில் ஒன்று சர்வதேச நிர்வாகமும் ஒத்துழைப்பும்.

இல்லாதது கப்பல். சீனாவிடம் இரண்டு "சூயேலோங்" கப்பல்கள், கொரியாவிடம் "ஆரான்". பனியை உடைத்துப் போகும் சொந்த ஆராய்ச்சிக் கப்பலைப் பற்றி டெல்லியில் பத்து ஆண்டுக்கு மேலாகப் பேச்சு நடக்கிறது. 2025 ஜூனில் கொல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் கட்டும் நிறுவனமும் நார்வேயின் காங்ஸ்பெர்க் நிறுவனமும் ஓஸ்லோவில் இதற்காகப் புரிந்துணர்வு செய்துகொண்டன. வடதுருவ நாட்டின் வரைபடமும் ஆசிய நாட்டின் உழைப்பும் சேரும் நல்ல ஏற்பாடு இது. ஆனால் கப்பல் மிதக்கும் வரை விண்ணப்பத்தை நிறுத்தி வைக்கத் தேவையில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. துருவ ஆராய்ச்சி புவி அறிவியல் அமைச்சகத்தின் பொறுப்பு. மீன் என்றால் மீன்வளத் துறை. வெளிநாட்டு ஒப்பந்தம் என்றால் வெளியுறவு அமைச்சகம். ஆபீசில் வேலை பார்க்கும் எவருக்கும் தெரியும், மூன்று துறைக்குப் பொதுவான பைல் எந்த மேஜையிலும் தங்கிவிடும். புவி அறிவியல் அமைச்சகம்தான் இதைக் கையில் எடுக்க வேண்டும். ஹிமாத்ரியை நடத்துவதும் ஆர்க்டிக் கொள்கையை எழுதியதும் அவர்களே.

விண்ணப்பம் போனாலும் உள்ளே இருக்கும் பத்துப் பேரும் சம்மதித்து அழைக்க வேண்டும். நார்வேயும் ரஷியாவும் ஜப்பானும் இந்தியாவுக்கு வேண்டியவர்கள். சீனா என்ன சொல்லும் என்பது கேட்டால்தான் தெரியும். 2013-ல் கிருனாவில் இரண்டு நாடுகளும் ஒரே நாளில், ஒரே தீர்மானத்தில்தான் உள்ளே போயின.